ஆறு பேருக்கான அளவு

பலாபத்வல றோட்டோரம் பதினெட்டடி மண்டபம் வைத்த கல்வீடு கட்டினேன். வீட்டுக்கு முன்னால் மிளகும் கொக்கோவும் காயப்போட சீமெந்துக் களம் போட்டேன். மாத்தளை டவுனில் இரட்டைக் கதவுக் கடை எடுத்தேன். கீழே முழுக்கப் பாறை என்று மூன்று பேர் கைவிட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். தம்புள்ளைப் பக்கம் சொந்த லொறி அனுப்புகிற அளவுக்கு வந்தேன். பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுழூ செய்கிற தொட்டிக்குப் படி கட்டிக் கொடுத்தேன். அதில் என் பெயரை வெட்ட வேண்டாம் என்று நானே சொன்னேன், அதுவும் ஊருக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தவன் இரண்டாம் வகுப்போடு நின்றவன். வாப்பா மௌத்தானபோது எங்களுக்கு விட்டுப் போனது ஒரு தராசும் நாலு சாக்கும்தான். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்து போயிருக்கிறேன். தமிழ் எழுத்தைப் பாதி பள்ளிக்கூடத்தில் படித்தேன், மீதியைச் சாக்கின்மேல் அடித்திருந்த மையைப் பார்த்துப் படித்தேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மகள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

விஷயம் ஒரு சமையல் புத்தகம்.

என் பொஞ்சாதி மௌத்தாகி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அவ எழுதி வைத்த சமையல் கொப்பியை இப்போது அச்சடிக்கப் போகிறார்கள். மகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து செய்கிற வேலை. முன்னுரையை மகள் எழுதினாள். நல்ல தமிழ், நான் குறை சொல்லமாட்டேன். அதில் நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன், உம்மா ஒரு வியாபாரியை மணந்தார் என்று. அது கிடக்கட்டும். அதற்குக் கீழே, "முதல் விருந்தில் உம்மாவுக்கு அளவு பிழைத்தது. அந்தப் பிழையைத் தானே திருத்திக்கொண்டுதான் அவர் பெரிய சமையல்காரியானார்" என்று எழுதியிருக்கிறாள். அந்த வரி சரியில்லை என்று சொன்னேன். மகள் நம்பவில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை சீமைக்குப் போனார். பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். நான் போனது மேசைக்காக. பன்னிரண்டு பேர் உட்காருகிற தேக்கு மேசை. ஒரு குசினி அலுமாரியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து லாச்சியை இழுத்தால் உள்ளே அட்டை கழன்ற இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்தது, பக்கமெல்லாம் எண்ணெய்.

கடையில் மிளகு சுற்றக் கிழித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவ வாங்கிப் பார்த்தா. நடுவில் படங்கள் இருந்தன. ஒரு படத்தில் மேசை, வெள்ளை விரிப்பு, பீங்கான்கள், பக்கத்தில் சின்னச் சின்னக் கோப்பைகள், மடித்து வைத்த துணி. ஆள் யாரும் இல்லை. அவ அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

"இஞ்ச பாருங்க. வரப்போற ஆள மதிச்சு வச்சீக்கிறாங்க."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டுக்கு யாரும் வருகிறதில்லை. சரக்குக் கொடுக்க வாங்க வருவார்கள், களத்தில் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். டவுனில் இருக்கிற பெரிய குடும்பங்களுக்கு நான் மூட்டை தூக்கினவன். அவ தாயில்லாமல் வளர்ந்தவ, மாமி வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் சாப்பிட்டவ. வீட்டுக்கு நாலு பேர் வர வேணும், உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்க வேணும் என்பதுதான் அவவுடைய ஆசை. நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. இதைத்தான் கேட்டா.

இங்கிலீஷ் அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் போனேன். அவர் இந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துத் தமிழர், நன்றாகப் படித்தவர். கொக்கோ நிறுக்கப் போகிற நாட்களில் புத்தகத்தைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். அவர் கணக்கெழுதுகிற கந்தோர் வாசலில் உட்கார்ந்து வாசித்துத் தமிழில் சொல்வார்.

"என்ன நானா, இன்னைக்குக் கொக்கோ வாங்க வந்தீங்களா, கோழி பொரிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் ஐயா. வாசிங்க."

"மெதுவாப் பேசுங்க. எங்க வீட்டுல காதுல விழுந்துச்சுன்னா என்னையும் அடுப்படிக்கு அனுப்பிருவாங்க."

அவர் ஒரு முறை சொன்னால் எனக்குப் போதும். வேகமாக எழுதிக்கொள்ளத் தெரியாதவனுக்கு மனதில் வைக்கத் தெரியும். வீடு வரும்வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதிப்பேன். எதிரில் யாராவது சலாம் சொல்லிவிட்டால் வம்பு, பதில் சலாம் சொல்லிவிட்டு மறுபடியும் வெண்ணெயிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். அவ கொப்பியோடு இருப்பா. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா.

அவ எழுதினது தமிழ்ப் பேச்சை, ஆனால் அறபு எழுத்தில். ஓதுகிற பள்ளியில் மட்டும் படித்த பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அந்த எழுத்துத்தான் கைவரும். வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கமாக எறும்பு போகிறது மாதிரி எழுதிக்கொண்டு போவா. அதை வாசிக்க எனக்குத் தெரியாது. நான் சுமந்து வந்தது எழுத்தானதும் எனக்கே பூட்டாகிவிடும்.

பன்றிக் கொழுப்பு என்று வந்த இடங்களிலெல்லாம் நெய் என்று நான் மாற்றினேன். ஒரு ஆட்டிறைச்சிச் சாப்பாடு இருந்தது, மெல்லிய நெருப்பில் மூடி வேகவைக்கிறது. அதில் சிக்கல் வந்தது.

"இதுக்குள்ள என்ன ஊத்தச் சொல்றாங்க?"

"சாராயம் மாதிரி ஒண்டு."

"அஸ்தஃபிருல்லாஹ். அப்ப இந்தப் பக்கத்தக் கிழிச்சிடவா?"

"கிழிக்காத. யோசிப்பம்."

இரண்டு நாள் யோசித்தேன். புளிப்புக்குத் தென்னை வினாகிரி, இனிப்புக்குக் கித்துள் பாணி கொஞ்சம் கலந்து, கறுவாப்பட்டை ஒரு துண்டு போட்டு ஊற வைக்கச் சொன்னேன். அவ செய்து பார்த்தா. இன்றைக்குவரை எங்கள் ஊரில் அந்த இறைச்சியைப் பற்றித்தான் பேச்சு. மகளுடைய முன்னுரையில் அது உம்மாவின் கைப்பக்குவம் என்று இருக்கிறது. பக்குவம் அவவுடையது. வினாகிரி என்னுடையது.

இப்படியே இரண்டு வருஷம் போனது. கொப்பி நிறைந்தது, கல்வீடும் முடிந்தது. குடிபோகிற அன்றைக்கு மவ்லூது ஓதி, பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்களையும் டவுன் பெரியவர்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கிறது என்று முடிவெடுத்தோம். முப்பது ஆம்பிளைகள். அவவுக்குப் படத்தில் இருக்கிற மாதிரி மேசையில் வைக்க ஆசை. நான் விடவில்லை. எங்களுடைய வழக்கம் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, பாயில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிறது. ஆளுக்காள் தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும், நடுவில் இருக்கிறது எல்லாருக்கும் பொது. ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எழும்பக் கூடாது. முப்பது பேருக்கு ஐந்து சஹன்.

புத்தகத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்குக் கீழேயும் ஆறு பேருக்கு என்று அச்சடித்திருந்தது. கிளாக்கர் அதை முதல் நாள் வாசித்தபோதே எனக்குப் பெரிய சந்தோஷம். வெள்ளைக்காரனும் ஆறு பேரைத்தான் கணக்கு வைத்திருக்கிறான், நாங்களும் ஆறு பேர்தான். அப்படியென்றால் புத்தகத்தில் ஒரு சாப்பாடு, எங்களுக்கு ஒரு சஹன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். சோறு வழக்கமான அளவு, இறைச்சி புத்தக அளவு என்று சொன்னேன்.

அவ இறைச்சியைப் பார்த்தா. கொப்பியைப் பார்த்தா. பிறகு அந்தப் படத்தை விரித்துக்கொண்டு வந்தா.

"இஞ்ச பாருங்க. ஒரு பீங்கானுக்குப் பக்கத்துல எத்தின கோப்பை ஈக்கி. அவங்க இதுக்கு முந்தி ஒண்டு சாப்பிடுறாங்க, பிந்தி ஒண்டு சாப்பிடுறாங்க. இது நடுவுல வாறது மட்டும். சஹனுக்குக் காணாது."

"புத்தகத்துல அச்சடிச்சீக்கி."

"இன்னொரு ஆடு அறுப்பமே."

"அறுக்க ஏலாமலா? கைக்கு வந்தபடி போடுற எண்டா இந்தப் புத்தகம் எதுக்கு? ரெண்டு வருஷம் நான் சைக்கிள் மிதிச்சது எதுக்கு?"

அவ புத்தகத்தை மூடினா. இறைச்சியை நான் சொன்ன அளவில்தான் போட்டா.

ஓதி முடிந்து சஹன்களை வைத்தோம். மணம் களம் தாண்டி றோட்டுக்குப் போனது. எல்லாரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். நான் உட்காரவில்லை, சஹனுக்குச் சஹன் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கைகள் மெதுவாக ஓடத் தொடங்கின. ஒருவர் ஒரு துண்டை எதிரே இருக்கிறவர் பக்கம் தள்ளினார். அவர் அதைப் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தள்ளினார். அந்தத் துண்டு சஹனைச் சுற்றி வந்து நடுவில் நின்றது. பிறகு ஆறு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சோறு மலை மாதிரி அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிவாசல் தலைவர் இருந்த சஹனுக்குப் பக்கத்தில் போய்ப் பெருமையாகக் கேட்டேன்.

"என்ன ஹாஜியார், கை நிண்டிட்டு? இன்னும் எவ்வளவு ஈக்கி. சாப்பிடுங்க."

"சோறு ஈக்கி தம்பி. ஆடுதான் எழும்பிப் போயிட்டு."

ஐந்து சஹனிலும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் மூட்டை தூக்கினவனுடைய வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முகம் சுட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வீட்டுல அளவு பிழைச்சிட்டாங்க ஹாஜியார். பொம்புளக் கணக்கு."

"புத்தகம் பாத்து ஆக்கினா அப்பிடித்தான்" என்று நான் சைக்கிளில் புத்தகம் சுமந்த கதை தெரிந்த யாரோ சொன்னார்கள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது ஒரு சீலைத் திரை மட்டும். அதற்குக் கீழே அவவுடைய கால் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கால் அசையவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன், அங்கே இல்லை.

எல்லாரும் போன பிறகு குசினிக்குள் போனேன். ஐந்து சஹனையும் வரிசையாக வைத்திருந்தா. ஒவ்வொன்றிலும் சோறு, நடுவில் ஒன்றிரண்டு துண்டு இறைச்சி. அவ நான் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பசியோட போயிட்டாங்க. முதமுதல்ல வந்தாங்க, பசியோட அனுப்பிட்டம்" என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரைக்கும் என்னவோ வெட்டி வெட்டி எழுதினா. நான் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

ஆறு பேர் சஹனில் மூன்று பேருக்குத்தான் இறைச்சி இருந்தது என்ற பேச்சு ஊரில் நின்றுவிட்டது. கலியாண வீடுகளில் பெண்கள் அவவைக் கண்டால் கேட்பார்கள்: "லாத்தா, இண்டைக்கு ஆறு பேருக்கா, மூணு பேருக்கா?" அவ சிரித்துக்கொண்டே, "நீங்க ஒருக்கா வாங்களேன். உங்க ஒரு ஆளுக்கே ஆறு பேர்ட அளவு வைக்கிறன்" என்று சொல்வா. வந்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். மேசையில் விரிப்பு விரித்து, கஞ்சி போட்டு மடித்த துணி வைத்து, நடுவில் பூவுக்குப் பதிலாக வெடித்த சாதிக்காய்களைக் கொத்தோடு வைப்பா, உள்ளே சிவப்புப் பத்திரி தெரிகிற மாதிரி. யாருக்குப் பல் இல்லை, யாருக்கு உறைப்பு ஆகாது என்று கேட்காமலே தெரியும். கிளாக்கர் குடும்பத்துக்குத் தனிச் சட்டி வைத்து மரக்கறி ஆக்கினா. பக்கத்து வளவுச் சிங்கள மனுஷி பெருநாளைக்கு மட்டுமில்லை, மனம் சரியில்லாத நாளிலும் வந்து அந்த மேசையில் இருப்பா. அரிசி கிடைக்காத காலத்திலும் மரவள்ளிக்கிழங்கை அந்த விரிப்பில்தான் வைத்தோம். இருபது வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூடப் பசியோடு போகவில்லை. ஆனாலும் அளவு தெரியாத வீடு என்ற பேர் போகவில்லை. எல்லாரும் வேடிக்கைக்குச் சொன்னார்கள், அவவும் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறா என்று நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டேன், எனக்கு அது வசதி.

ஒரே ஒரு நாள் கேட்டா. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதே பகிடியைச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு.

"மகள்ட வாப்பா, ஒரு ஆள்கிட்டயாவது சொல்லுங்களேன், அது உங்கட கணக்கு எண்டு."

"பழைய கதை. இப்ப யாரு அதெல்லாம் நினைக்கிற?"

"நான் நினைக்கிறன்."

மேசை விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னா. மடித்து முடித்து அலுமாரியில் வைத்தா. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்போது நானும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தேன். அந்த ஹாஜியாருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். பொஞ்சாதிமேல் பழி போட்டவன் என்று அவர்கள் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

இப்போது அந்தக் கொப்பியை வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஓதிக் கொடுக்கிற வயதான லெப்பை ஒருவர் வந்து மூன்று பின்னேரம் வாசித்தார், மகள் தமிழில் எழுதினாள். நான் கதிரையில் இருந்து கேட்டேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கீழே, "ஆறு பேருக்கு, வெட்டியிருக்கு. மூன்று பேருக்கு. சஹனுக்கு இரண்டு மடங்கு" என்று வாசித்தார்.

"இதென்ன பிள்ளை, எல்லாத்துலயும் வெட்டி எழுதி ஈக்கி?"

"அது உம்மாட பேர்போன பிழை" என்று மகள் சிரித்தாள்.

அடுத்த சாப்பாடு, மறுபடியும் மூன்று பேருக்கு. அதற்கடுத்தது, மறுபடியும். அவ எங்கேயும் யாருடைய பிழை என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து, நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். கடைசிப் பக்கம்வரைக்கும் காத்திருந்தேன், இல்லை.

மகள் முன்னுரையை வாசித்துக் காட்டியபோதுதான் வாய் திறந்தேன். அந்தக் கணக்கு உம்மாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, உங்கட பேரும் போடணும் எண்டா நேரா சொல்லுங்க, போடுறன். இந்த ஊர்ல கிணத்தக் கட்டினதும் நீங்க, கடையக் கட்டினதும் நீங்க. இப்ப உம்மாட பிழையையும் நீங்களா எடுக்கப் போறீங்க?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க நான் பேசின பேச்சு அப்படி. சாட்சிக்கும் ஆள் இல்லை. கிளாக்கர் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. ஹாஜியார் மௌத்து. திரைக்குப் பின்னால் நின்றவவும் மௌத்து. மிச்சம் என் வாய்ச்சொல், அதைத்தான் மகள் நம்பவில்லை.

அதனால் அச்சடிக்கப் போகிறவர்களிடம் எழுத்தில் கேட்கிறேன். இந்தப் புத்தகத்தில் என் பங்கைப் போட வேண்டும். பங்களாவிலிருந்து அந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டு வந்தவன் நான். இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்ததை வாயில் வைத்துச் சைக்கிளில் சுமந்தவன் நான். வினாகிரி என்னுடையது. முதல் விருந்தில் ஆறு பேருக்கு என்று அளவு வைத்தவன் நான், காணாது என்று சொன்ன பொஞ்சாதியின் பேச்சைக் கேளாதவன் நான், முப்பது பேருக்கு முன்னால் பழியை அவமேல் போட்டவன் நான். முன்னுரையில் இருக்கிற அதே பெரிய எழுத்தில், அந்த வரி இருந்த இடத்திலேயே இதைப் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் போட முடியாது என்றால் முன்னால் சொன்னது ஒன்றையும் போட வேண்டாம், கிணறு உட்பட.